மேலுலகத்துக்குப் படிக்கட்டு கட்டியவர்கள்

சினிமாவில் சொர்க்கம் என்றதும் முதலில் வருவது புகை. கணுக்காலை மறைத்துக்கொண்டு வெள்ளையாகத் தவழும். அதன்மேல் வெள்ளை உடுப்பில் யாராவது மிதப்பதுபோல நடந்து வருவார்கள். பின்னால் நீலத் திரை, ஓரத்தில் ஒரு தெர்மகோல் தூண். நம் யமலோகக் காட்சிகளில் இதே புகையைச் சிவப்பு விளக்கில் பார்த்திருப்போம்.

அந்தப் புகை சும்மா வருவதில்லை. ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருக்கும். வெந்நீரில் போட்டால் நீராகாமல் நேரே வாயுவாகிவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது அந்த வாயு அல்ல. அதன் குளிரில் துளித்துளியாக மாறிய நீராவி. குளிர்ந்தது கனமாக இருப்பதால் தரையோடு தரையாகப் போகிறது. தண்ணீர் ஆறிவிட்டால் புகையும் நின்றுவிடும் என்பதால் வெந்நீரை மாற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். விளக்குகளின் சூட்டில் தரை காய்ந்துகிடந்தால் புகை முழங்காலுக்கு ஏறிக் கலைந்துபோகும். கொஞ்ச நேரத்தில் தரை ஈரமாகி, தேவர்கள் வழுக்கி விழுவார்கள். பீப்பாயில் தண்ணீர் குமுறும் சத்தம் வசனத்தோடு சேர்ந்து பதிவாகும். இதெல்லாம் தொல்லைதான், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாயு கீழேயே தேங்குவதால், பிணமாகப் படுத்திருப்பவருக்கும் உயரம் குறைந்த குழந்தை நடிகர்களுக்கும்தான் முதலில் மூச்சு முட்டும். கதவைத் திறந்து காற்றோட்டம் விடாமல் டேக் மேல் டேக் போகவே கூடாது.

வெள்ளை உடுப்பிலும் சிக்கல் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத் துணியின் ஓரம் கரைந்துபோய், தலையும் கைகளும் மட்டும் தனியே மிதக்கும். அதனால்தான் உடை தயாரிப்பவர்கள் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி வெளுப்பைக் குறைப்பார்கள். திரையில் அது வெள்ளையாகவே தெரியும், மடிப்பும் தெரியும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் பெரும்பாலான சொர்க்கங்கள் நம்பும்படி இருப்பதில்லை. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேலை, எது முடியும், எது முடியாது என்று படம் எடுத்தவர் கேட்டுக்கொள்ளாததுதான் காரணம். விதி என்ற சொல்லுக்குத் தமிழில் சட்டம், தலையெழுத்து என்று இரண்டு பொருள். சாவைப் பற்றிய படங்களில் இரண்டும் ஒன்றேதான். விதியை முதல் கால்மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டு, அதற்குத் தகுந்த தச்சு வேலையும் செய்த படங்கள்தான் நூறு வருடம் கழித்தும் நிற்கின்றன.

1921 புத்தாண்டு அன்று வெளியான ஸ்வீடன் படம் 'தி ஃபாண்டம் கேரேஜ்' அப்படிப்பட்டது. செல்மா லாகர்லோஃபின் 1912ஆம் வருடக் கதையை விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கி, டேவிட் ஹோம் என்ற குடிகாரனாக அவரே நடித்தார். விதி ஒரே வரியில் அடங்கும்: வருடத்தின் கடைசி நாளில் நள்ளிரவுக்குச் சற்று முன்னால் கடைசியாகச் சாகிறவன், அடுத்த வருடம் முழுக்கச் சாவின் வண்டியை ஓட்டி உயிர்களை அள்ளவேண்டும். கிங்கரனும் ஒரு வருட ஒப்பந்தக் கூலிதான்.

வண்டியும் ஓட்டுநரும் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவார்கள். ஒளிப்பதிவாளர் யூலியஸ் யேன்ஸன் அதைக் கேமராவுக்குள்ளேயே செய்தார். ஒரே ஃபிலிமில் முதலில் அறையைப் பதிவு செய்வது, ஃபிலிமைத் திரும்பச் சுற்றுவது, அதன்மேலேயே ஆவியைப் பதிவு செய்வது. டபுள் எக்ஸ்போஷர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அன்றைக்குக் கேமராவில் மோட்டார் கிடையாது, கைப்பிடியைச் சுற்றவேண்டும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று என்பது வழக்கம். அரை நிமிடக் காட்சிக்கு 60 சுற்று. லென்ஸை மூடிக்கொண்டு அந்த 60 சுற்றையும் எண்ணிப் பின்னால் சுற்றி, மறுபடி அதே வேகத்தில் முன்னால் சுற்றவேண்டும். இரண்டாம் முறை கை கொஞ்சம் மெதுவாகப் போனால், அறையில் இருப்பவர் இயல்பாக நடக்க ஆவி மட்டும் ஓடும். இந்தப் படத்தில் சில இடங்களில் நான்கு அடுக்குவரை போயிருக்கிறார்கள். மூன்றாவது அடுக்கில் கை பிசகினால் முதல் இரண்டும் வீண்.

ஃபிலிமில் வெளிச்சம் கூடத்தான் செய்யும், குறையாது. அதனால் ஆவியைக் கறுப்புப் பின்னணியில் எடுப்பார்கள், கறுப்பு எதையும் பதியவைக்காது. ஆவி அறையின் இருண்ட பகுதியைக் கடக்கும்போது நன்றாகத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வந்தால் கரைந்துபோகும், ஏனென்றால் அந்த இடத்தில் ஃபிலிம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஆவி மேசைக்குப் பின்னால் நடக்கவேண்டுமென்றால், ஆவியை எடுக்கும்போது மேசை இருந்த அதே இடத்தில் கறுப்பு வெல்வெட் போர்த்திய உருவத்தை வைப்பது ஒரு வழி. இருட்டில் நடுங்கிக்கொண்டே உருளும் அந்த வண்டியைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எதுவும் நினைவுக்கு வராது. அலைகளின்மேல் வண்டி ஓட்டிப் போய், கடலுக்கு அடியில் இறங்கி, மூழ்கியவனைத் தூக்கி வரும் காட்சி ஒன்று போதும். கணினி வந்தபிறகு எடுத்த எத்தனையோ ஆவிகளுக்கு இந்தக் கனம் இல்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் ஜப்பானிய இயக்குநர் மிசோகுச்சி. 1953இல் வந்த 'உகெட்சு'வில் குயவன் கென்ஜூரோ நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறான். வீடு இருட்டு, அடுப்பில் நெருப்பில்லை. மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து பின்பக்கமாக வெளியேறி வீட்டைச் சுற்றி வருகிறான். கேமரா உள்ளேயே இருந்து அவனைப் பின்தொடர்ந்து திரும்புகிறது. அவன் வாசலுக்கு வரும்போது அதே அடுப்பில் நெருப்பு எரிகிறது, மியாகி உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் வெட்டே கிடையாது. அவள் செத்துப்போனவள் என்பது அவனுக்குக் காலையில்தான் தெரியும். டபுள் எக்ஸ்போஷர் இல்லை, புகை இல்லை. கேமரா அடுப்பைப் பார்க்காமல் இருக்கும் அந்தச் சில விநாடிகளில் நடிகை வந்து உட்காரவேண்டும், நெருப்பு எரியவேண்டும், விளக்கு மாறவேண்டும். கேமரா சீக்கிரம் திரும்பினால் அவள் இன்னும் உட்கார்ந்திருக்கமாட்டாள். தாமதித்தால் ஏதோ நடக்கப்போகிறதென்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். கென்ஜூரோ நடக்கும் வேகம்தான் கடிகாரம். ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவாவின் புகழ்பெற்ற ஷாட்டுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பிரான்ஸின் ழான் கொக்தோவுக்குக் கண்ணாடிதான் வாசல். 'ஓர்ஃபே' (1950) படத்தில் செத்தவர்கள் நிலைக்கண்ணாடி வழியாகப் போய் வருகிறார்கள். விதி: கையுறை போட்டுக்கொண்டால்தான் கண்ணாடி வழிவிடும். அந்தக் கையுறை கையில் தானாக ஏறுவதுபோல இருக்கும். கழற்றுவதை எடுத்து ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டியதுதான். விரல்கள் கண்ணாடிக்குள் அமிழும் காட்சிக்குப் பாதரசம் நிரப்பிய தொட்டி. தண்ணீரில் செய்தால் கை உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பாதரசம் கண்ணாடிபோலப் பிம்பமும் காட்டும், உள்ளே போனதை மறைத்தும்விடும். பாதரச ஆவி நஞ்சு என்பதால் இன்றைக்கு எந்தப் படப்பிடிப்பிலும் இதைச் செய்ய விடமாட்டார்கள், செய்யவும் கூடாது. ஆள் முழுதாகக் கண்ணாடிக்குள் போகும் காட்சிகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு: கண்ணாடிச் சட்டத்தில் கண்ணாடியே வைக்காமல், அந்தப் பக்கம் இதே அறையை இடவலம் மாற்றிக் கட்டி, பிம்பமாக நடிக்க ஒரு மாற்று ஆளை நிறுத்துவது. சட்டத்தில் கண்ணாடி இருப்பதாகப் பார்ப்பவர் ஏற்கெனவே நம்பியிருந்தால் போதும்.

கண்ணாடிக்கு அப்பாலுள்ள இடைவெளி உலகத்துக்குக் கொக்தோ செட் போடவில்லை. போரில் குண்டு விழுந்து இடிந்த சேன்-சீர் ராணுவப் பள்ளியின் கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே இரவில் எடுத்தார். அங்கே சாவையே விசாரிக்கும் நீதிபதிகள் மேசை போட்டு, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கார் வானொலியில் வரும் புரியாத வரிகள், போர்க்காலத்தில் பிபிசி ஒலிபரப்பிய சங்கேதச் செய்திகளிலிருந்து வந்தவை. 1950இல் பாரிஸில் படம் பார்த்தவர்களுக்கு அந்த மறுமை ஏற்கெனவே பழகிய இடம்.

போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் எடுத்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' (1946) பக்கம் வருவோம். மைக்கேல் பவல், எமரிக் பிரஸ்பர்கர் இருவரும் சேர்ந்து எழுதி, தயாரித்து, இயக்கியது. பிரிட்டிஷாருக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே கசப்பைக் குறைக்க ஒரு படம் எடுங்கள் என்று அரசாங்கம் கேட்டதில் பிறந்தது. அப்படிப்பட்ட ஆரம்பத்திலிருந்து இப்படி ஒரு படம் வரும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்கமாட்டார்கள்.

1945 மே 2. எரியும் லங்காஸ்டர் விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதிக்கிறான் பீட்டர் கார்ட்டர் (டேவிட் நிவன்). கடைசியாக வானொலியில் பேசிய அமெரிக்கப் பெண்ணிடம் காதலைச் சொல்லிவிட்டுத்தான் குதிக்கிறான். அவனைக் கூட்டிப்போக வந்த தூதர் பிரெஞ்சுப் புரட்சியில் தலையை இழந்த ஒரு சீமான். இங்கிலாந்தின் மூடுபனியில் பீட்டரைத் தவறவிட்டுவிடுகிறார். மேலே கணக்கு இடிக்கிறது: ஓர் ஆள் குறைகிறது. அதற்குள் கீழே அவன் அந்தப் பெண்ணைச் சந்தித்துவிட்டான். தவறு உங்களுடையது, நான் ஏன் வரவேண்டும் என்று வழக்குப் போடுகிறான்.

பூமி வண்ணத்தில், மேலுலகம் வண்ணமில்லாமல். இந்த ஒரு முடிவுதான் படத்தின் முதுகெலும்பு. கீழே இறங்கும் தூதர், மேலே டெக்னிகலருக்கு (அன்றைய வண்ணப்பட முறை) ஏங்கித் தவிக்கிறோம் என்று ரோடோடென்ட்ரான் பூக்களுக்கு நடுவே நின்று சொல்வார். செய்தது எப்படி என்பதில்தான் சுவாரசியம். டெக்னிகலர் கேமராவுக்குள் மூன்று நெகடிவ்கள் ஒரே நேரத்தில் ஓடும். அச்சடிக்கும்போது அந்த மூன்றிலிருந்தும் மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். மேலுலகக் காட்சிகளையும் அதே கேமராவில் எடுத்து, அச்சில் மட்டும் வண்ணத்தை நீக்கினார்கள். அதனால் அது சாதாரணக் கறுப்பு வெள்ளையாக இல்லாமல் முத்துப்போல ஒரு மினுக்கம் காட்டும். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமை நடுவில் வெட்டிச் சேர்த்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் திரை குதித்திருக்கும். இரண்டும் ஒரே அச்சு முறை என்பதால் தூதரின் சட்டையில் செருகிய ரோஜா, வெட்டில்லாமல் நம் கண்முன்னாலேயே சாம்பலிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. போர் முடியும்வரை டெக்னிகலர் கேமரா கிடைக்காமல் ஒன்பது மாதம் காத்திருந்து, 1945 செப்டம்பர் 2ஆம் தேதி படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். ஒளிப்பதிவு ஜாக் கார்டிஃப், கலை ஆல்ஃபிரட் யுங்கே.

இரண்டு உலகத்துக்கும் நடுவே ஒரு படிக்கட்டு. வரைந்ததல்ல, நிஜமாக ஓடும் எஸ்கலேட்டர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தின் பொறியாளர்கள் கட்டினார்கள். 106 படிகள், ஒவ்வொன்றும் 20 அடி அகலம், ஓட்டுவதற்கு 12 குதிரைத்திறன் எந்திரம். கட்ட மூன்று மாதம், செலவு 3,000 பவுண்டு. வேலை செய்தவர்கள் அதற்கு 'எத்தல்' என்று பெண் பெயர் வைத்தார்கள். ஒரே குறை, இரைச்சல். எந்திரம் ஓடும்போது வசனத்தைப் பதிவு செய்ய முடியாததால் படிக்கட்டுக் காட்சிகளுக்கெல்லாம் பின்னால் குரல் சேர்த்தார்கள். சொர்க்கத்துக்குப் போகும் வழியின் அந்த அமைதி முழுக்க ஒலிக்கூடத்தில் செய்தது. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் தலைப்பில் சாவு இருந்தால் கூட்டம் வராதென்று 'ஸ்டேர்வே டு ஹெவன்' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

இந்தப் படம் தன் மேலுலகம் உண்மையா, அடிபட்ட மூளையின் பிரமையா என்று கடைசிவரை தீர்ப்புச் சொல்லாது. தூதர் வருமுன் ஒவ்வொரு முறையும் பீட்டருக்கு வதக்கிய வெங்காய வாசனை அடிக்கும். இல்லாத வாசனை அடிப்பது மூளையின் பக்க மடலில் வரும் வலிப்பின் அறிகுறிகளில் ஒன்று. கீழே அறுவை சிகிச்சை நடக்கிறது, மேலே வழக்கு நடக்கிறது, இரண்டுக்கும் ஒரே நேரம் முடிவு. மருத்துவத்தை நம்புகிறவருக்கும் மறுமையை நம்புகிறவருக்கும் ஒரே காட்சி போதுமானதாக இருக்கும்படி எழுதியிருப்பது லேசான வேலை அல்ல.

விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987) இதே பாதையில் வருவது. பெர்லின் தேவதைகளுக்கு நிறம் தெரியாது, ருசி தெரியாது. அவர்கள் பார்வையில் வரும் பழுப்புக் கறுப்பு வெள்ளைக்கு, ஒளிப்பதிவாளர் ஆன்ரி அலெக்கான் தன் பாட்டியின் பழைய பட்டுக் காலுறையை லென்ஸுக்கு வடிகட்டியாகப் போட்டார். தேவதை மனிதனாக மாறியதும் முதல் வேலையாகச் சுவரில் எழுதியிருக்கும் நிறங்களுக்குப் பெயர் கேட்கிறான்.

பேரேட்டுப் பிழை என்ற விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். சித்திரகுப்தன் கணக்கில் தவறினால்? 1958இல் வங்காளத்தில் வந்த 'ஜமாலயே ஜீவந்த மானுஷ்' உயிரோடு யமலோகம் போனவனின் கதை. அது 1960இல் தெலுங்கில் 'தேவாந்தகுடு', தமிழில் 'நான் கண்ட சொர்க்கம்' என்று வந்தது. பிறகு 1977இல் 'யமகோலா' தெலுங்கில் பெரிய ஓட்டம் ஓடியது, 1980இல் சிவாஜி நடிக்க 'யமனுக்கு யமன்' ஆனது. யமலோகத்தில் கிங்கரர்களைச் சங்கமாகச் சேர்த்து வேலை நிறுத்தம் செய்யவைப்பது இந்தியாவில் மட்டும்தான் தோன்றும் யோசனை.

ஹாலிவுட்டில் 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' (1941) இதே பிழையைத் தொடுகிறது. விமானம் மோதுமுன்பே தூதர் அவசரப்பட்டுக் குத்துச்சண்டைக்காரனின் உயிரை எடுத்துவிடுகிறார். திருப்பி அனுப்பலாமென்றால் உடலை எரித்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் புதைப்பதுதான் வழக்கம் என்பதால், மேலாளர் எரித்துவிட்டார் என்று கதை தனியாக விளக்கவேண்டியிருந்தது. எஸ். பி. முத்துராமன் இயக்கிய 'அதிசய பிறவி' (1990) ரஜினிக்கு அந்த விளக்கமே தேவைப்படவில்லை. போன உயிரைத் திருப்பிக் கொண்டுவருமுன் உடல் சாம்பலாகியிருக்கும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கடன் வாங்கிய முடிச்சு சொந்த முடிச்சைவிட இறுக்கமாக விழுந்த இடம் அது. செட்டும் புகையும் எப்படி இருந்தாலும் இந்தப் படங்கள் சலிக்காமல் ஓடுவதற்குக் காரணம் விதி தெளிவாக இருப்பதுதான்.

பிக்ஸாரின் 'கோகோ' (2017) விதியால் நிற்கும் இன்னொரு படம். மெக்சிகோவின் இறந்தோர் நாளில், வீட்டுப் படையலில் உங்கள் படம் வைத்திருந்தால்தான் சாமந்திப் பாலத்தைத் தாண்டி வரமுடியும். படம் இருக்கிறதா என்று விமான நிலையம்போல வரிசையில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். உயிரோடிருக்கும் கடைசி ஆளும் உங்களை மறந்துவிட்டால் இரண்டாவது சாவு, அதற்குப் பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது. தொழில்நுட்பத் தலைவலி என்னவோ எலும்புக்கூட்டுக்கு உடுப்பு மாட்டுவதுதான். தோலும் சதையும் இல்லாததால் கணினியில் துணி விலா எலும்புகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

'வாட் ட்ரீம்ஸ் மே கம்' (1998) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எண்ணெய் வண்ண ஓவியத்துக்குள் ஆள் நடக்கும் அந்தச் சொர்க்கத்துக்காகச் சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் வாங்கியது, அதற்குத் தகுதியும் உண்டு. ஆனால் நினைத்ததெல்லாம் நடக்கும் உலகத்தில் பதற்றத்துக்கு இடமேது? கண் நிறைந்துவிடும், மனம் பசியோடு எழுந்து வரும்.

அதே 1998இல் ஜப்பானில், அதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவில் ஒரு துளியில், ஹிரோகாசு கொரேதா எடுத்த படத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆஃப்டர் லைஃப்' என்று பெயர். சொர்க்கம் இதில் வருவதே இல்லை. போகும் வழியில் உள்ள ஓர் அலுவலகம் மட்டும்: பழைய பள்ளிக்கூடம்போல ஒரு கட்டடம், மரத் தரை, குளிர். திங்கட்கிழமை மணி அடிக்க, வாசலின் வெளிச்சப் பனியிலிருந்து செத்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பெயர் கொடுக்கிறார்கள். இந்த வாரம் 22 பேர். விதி: புதன்கிழமைக்குள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஊழியர்கள் அதைப் படமாக எடுத்துத் தருவார்கள். சனிக்கிழமை திரையிடல். பார்த்ததும் அந்த நினைவை மட்டும் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவீர்கள், மற்றதெல்லாம் போய்விடும்.

கொரேதா தொலைக்காட்சி ஆவணப்படங்களிலிருந்து வந்தவர். எழுதுமுன் 500க்கும் மேற்பட்டவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்தார். அவர்களில் சிலரைப் படத்திலேயே உட்காரவைத்தார். நடிகர்களும் இருக்கிறார்கள். எது எழுதியது, எது சொந்த நினைவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் எடுத்த விதம்: கேமரா நகராது, மேசைக்கு அப்பால் ஒருவர், பக்கத்தில் சாதாரணப் பகல் வெளிச்சம். கேள்வி கேட்பவரின் முகத்தைவிடப் பதில் சொல்பவரின் கையே அதிகம் தெரியும். பேச்சில் தடுமாற்றம், திருத்தம், நடுவே மௌனம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். இப்படி ஒரு நேர்காணலை எடுக்கப் பார்ப்பவர்கள் முதலில் செய்யும் தவறு அந்த மௌனங்களை வெட்டி எறிவது. ஆள் உண்மையில் நினைவுகூர்வது அங்கேதான்.

சின்ன வயதில் தாத்தா மறதி நோயில் எல்லாவற்றையும் இழந்ததைப் பார்த்தவர் கொரேதா. படத்திலும் பேசாமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி வருகிறார். பூக்கள் மட்டும் கேட்கிறார். அவர் முன்பே தன் நினைவைத் தேர்ந்தெடுத்து அதற்குள் போய்விட்டவர் என்று ஊழியர்கள் புரிந்துகொள்கிறார்கள். டிஸ்னிலேண்ட் சவாரி வேண்டுமென்ற பள்ளிச் சிறுமியிடம் ஷியோரி என்ற உதவியாளர், அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏற்கெனவே முப்பது பேர் என்று சொல்கிறாள். சிறுமி யோசித்துவிட்டு அம்மாவின் மடியில் படுத்திருந்ததற்கு மாறுகிறாள். ஓர் இளைஞன் தேர்ந்தெடுக்கவே மாட்டேன் என்கிறான். எதுவுமே தோன்றாத வதனபே என்ற முதியவருக்கு 71 வீடியோ நாடாக்கள் கொடுத்து உட்காரவைக்கிறார்கள், வயதுக்கு ஒன்று.

வியாழக்கிழமைக்கு மேல் தச்சு வேலை. விமான ஓட்டியின் மேகத்துக்குப் பஞ்சு. அதைக் கம்பியில் கட்டி இழுத்தால் மேகம் போகிறமாதிரி இருக்குமா, விமானம் போகிறமாதிரி இருக்குமா என்று ஊழியர்கள் வாதாடுகிறார்கள். பள்ளிப் பையனாக டிராமில் காற்று வாங்கிக்கொண்டு போன நினைவுக்கு, நிற்கும் வண்டியை வெளியே நின்று கையால் ஆட்டுகிறார்கள். அண்ணனுக்காகச் சிவப்பு உடுப்பில் நடனமாடிய நினைவைச் சொன்ன பாட்டி, தன்னையே நடிக்கவந்த சிறுமிக்குக் கையை எப்படித் திருப்புவது என்று பாடம் எடுக்கிறார். கூரைக் கண்ணாடிக்கு அப்பால் தெரியும் நிலாகூட வரைந்து மாட்டியதுதான். நிஜத்தை ஏமாற்றும் முயற்சி எதிலும் இல்லை, பஞ்சு பஞ்சாகவே தெரிகிறது. அந்த வாரம் எடுத்து முடிந்த படங்களை நமக்குக் காட்டவும் மாட்டார்கள். நாம் பார்ப்பது எடுப்பதை மட்டும். ஆரம்பத்தில் சொன்ன ட்ரை ஐஸ் சொர்க்கம் மறைக்கப் பார்க்கும் கூலி வேலை அத்தனையையும் இந்தப் படம் நடுக்கூடத்தில் வைத்துக் காட்டுகிறது.

ஊழியர்கள் யார் என்பது பாதிப் படம் ஓடியபின்தான் தெரிகிறது. தேர்ந்தெடுக்க முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள். இளைஞராகத் தோன்றும் மொச்சிசூகி இரண்டாம் உலகப் போரில் இறந்தவர், வதனபேயின் தலைமுறைக்காரர். வதனபேயின் மனைவி ஒருகாலத்தில் தனக்கு நிச்சயம் செய்த பெண் என்று அந்த நாடாக்களில் கண்டுகொள்கிறார். கிடங்கில் தேடி, அவள் செத்தபோது தேர்ந்தெடுத்த நினைவின் படத்தைப் போட்டுப் பார்க்கிறார். பூங்கா பெஞ்ச், பக்கத்தில் அவரே சீருடையில். அவரும் கடைசியில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்: பெஞ்சில் உட்கார்ந்து, கேமராவுக்குப் பின்னால் நின்று தன்னைப் படம் எடுக்கும் சக ஊழியர்களைப் பார்த்த அந்தக் கணம்.

சனிக்கிழமை அவர் நாற்காலி காலி. திங்கட்கிழமை மறுபடி மணி அடிக்கிறது, வாசலில் பனி, புதிய ஆட்கள். நேர்காணல் அறையில் இந்த முறை மேசைக்குப் பின்னால் ஷியோரி உட்கார்ந்திருக்கிறாள். முதல் ஆள் வருமுன், கேட்கவேண்டிய வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.